ட்ரைவ் ‘ஓவர்வோல்டேஜ்’ என்று நின்றால்: தேயிலை பெக்டரிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, அப்புத்தளைப் பக்கத்து தேயிலை பெக்டரிகளில் மோட்டர் ட்ரைவ் வேலை பார்க்கிறேன். ட்ரைவ் என்பது மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி. சிலர் இதை இன்வேட்டர் என்பார்கள், சிலர் வி.எஃப்.டி. என்பார்கள். எல்லாம் ஒன்றுதான். விடியற்காலை நாலு மணிக்குப் போன் அடித்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “அண்ணே, ஓவர்வோல்டேஜ் என்று காட்டி நிற்குது, ட்ரைவ் போயிட்டுதா?” அநேகமாகப் போயிருக்காது. போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் கேள்விகளையும் பதில்களையும் எழுதி வைக்கிறேன். வேறு மாதிரி சொல்லாத இடங்களில் எல்லாம் 400 வோல்ட், மூன்று பேஸ் ட்ரைவ்களைப் பற்றியதுதான்.

ஓவர்வோல்டேஜ் என்கிறதே, எந்த வோல்டேஜைச் சொல்கிறது?

வயரில் வருகிற 400 வோல்டை அல்ல. ட்ரைவ் வருகிற ஏசியை முதலில் டிசி ஆக்கி, உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டர்களில் வைத்துக்கொள்கிறது. அங்கேயிருந்துதான் மோட்டருக்கு வேண்டிய ஏசியை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அந்த டிசி இடத்துக்குப் பெயர் டிசி பஸ். 400 வோல்ட் சப்ளையில் லோட் ஓடும்போது பஸ் 540 வோல்ட் அளவில் இருக்கும், லோட் இல்லாதபோது 565 வரை ஏறி நிற்கும். 400 வோல்ட் வகை ட்ரைவ்களில் பெரும்பாலானவை பஸ் 800 முதல் 840 வோல்டுக்குள் ஏதோ ஓர் அளவைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். சரியான எண் உங்கள் ட்ரைவின் புத்தகத்தில் இருக்கும்.

அப்படியென்றால் சப்ளை கூடிவிட்டது என்றுதானே அர்த்தம்?

எல்லோரும் முதலில் நினைப்பது இதுதான். கணக்கைப் பார்ப்போம். சப்ளை வோல்டேஜை 1.414 ஆல் பெருக்கினால் பஸ் ஏறக்கூடிய உச்சம் வரும். பஸ் 800க்கு வர வேண்டுமென்றால் சப்ளை 566 வோல்டாக இருக்க வேண்டும். அப்படி நின்று நிலைத்து வந்திருந்தால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 327 வோல்ட். பெக்டரியில் ஒரு பல்ப், கீழே லயத்தில் ஒரு டீவி மிஞ்சியிருக்காது. அவையெல்லாம் நன்றாக இருக்க ட்ரைவ் மட்டும் நின்றதென்றால், சப்ளை மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஒன்று கண்சிமிட்டும் நேரத்துக்கு ஏதோ குத்திவிட்டுப் போயிருக்கிறது, இல்லாவிட்டால் மோட்டர் பக்கத்திலிருந்து ஏறியிருக்கிறது.

சிறிய 230 வோல்ட் ஒற்றை பேஸ் ட்ரைவ் வேறு கதை. அதன் எல்லை 400 வோல்ட் டிசி சுற்றுவட்டத்தில்தான் இருக்கும். எங்காவது நியூட்ரல் கழன்றால் அதற்கு 300க்கு மேல் ஏசி போய்விடலாம். அது ட்ரிப் ஆகி நிற்பதோடு முடிந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

மோட்டர் பக்கத்திலிருந்து வோல்டேஜ் எப்படி ஏறும்?

சுற்றிக்கொண்டிருக்கிற பாரமான ஒன்றை ட்ரைவ் சட்டென்று குறைக்கப் பார்க்கும்போது மோட்டர் ஜெனரேட்டர் ஆகிவிடுகிறது. பாரத்தில் இருந்த சக்தி பின்னால் வந்து கப்பாசிட்டரில் ஏறுகிறது. சாதாரண ட்ரைவுக்கு அதைத் திரும்ப லைனுக்கு அனுப்ப வழியில்லை. உள்ளே வருகிற பக்கம் வெறும் டையோட், ஒருவழிப் பாதை.

எவ்வளவு சக்தி என்று ஓர் உதாரணம் போட்டுப் பார்த்தால் நம்ப முடியாது. ட்ரையரின் காற்றாடி, சுழல் நிறை (சுற்றுவதை நிறுத்த எவ்வளவு கடினம் என்பதன் அளவு) 5 கிலோ சதுர மீட்டர், 1450 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் சக்தி ஏறக்குறைய 57,600 ஜூல். ட்ரைவுக்குள்ளே 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் இருந்தால், பஸ் 540 இலிருந்து 800க்கு ஏறுவதற்குள் அதில் அடங்குவது 174 ஜூல்தான். காற்றின் தடையும் மோட்டரின் சூடும் பெரும்பங்கைத் தின்றுவிடும், உண்மைதான். ஆனால் நாலைந்து செக்கனில் நிறுத்தச் சொன்னால் அவை தின்று முடிப்பதற்குள் பஸ் எல்லையைத் தாண்டிவிடும்.

ட்ரிப் ஆனதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ரீசெட்டை அமுக்காதீர்கள். எப்போது நின்றது என்று பாருங்கள். வேகம் ஏறும்போதா, ஒரே வேகத்தில் ஓடும்போதா, குறையும்போதா, அல்லது மோட்டர் சும்மா நிற்கும்போதா? பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

சில ட்ரைவ்கள் தாங்களே சொல்லிவிடும். மிட்சுபிஷியில் ஈ.ஓவி1 என்றால் ஏறும்போது, 2 என்றால் ஒரே வேகத்தில், 3 என்றால் குறையும்போது. டெல்டாவில் ஓவி என்பதன் பின்னால் ஏ, என், டி, எஸ் என்று ஓர் எழுத்து இருக்கும்: ஏறும்போது, ஓட்டத்தில், குறையும்போது, நிற்கும்போது. ஷ்னைடரில் ஓபிஎஃப் என்றால் பிரேக் வேகம் கூடிவிட்டது, ஓஎஸ்எஃப் என்றால் சப்ளை கூடிவிட்டது. யஸ்காவாவில் வெறும் ஓவி என்றுதான் வரும். ஆனால் பெரும்பாலான ட்ரைவ்களில் ஃபோல்ட் பதிவுக்குள், அதாவது நின்ற காரணங்களின் பட்டியலுக்குள், போனால் நின்ற நேரத்து வேகமும் பஸ் வோல்டேஜும் கிடைக்கும். அதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்து, ஓட்டி, திரும்ப ட்ரிப் ஆக்கி, நாலு தரம் கழித்து எனக்குச் சொன்னால் முதல் பதிவு எங்கேயோ கீழே போயிருக்கும்.

நிறுத்தும்போதுதான் ட்ரிப் ஆகுது. என்ன செய்யலாம்?

இருப்பதிலேயே இலகுவான வியாதி. நிறுத்தும் நேரத்தைக் கூட்டுங்கள். 5 செக்கன் இருந்தால் 20, அப்புறம் 40, காற்றாடி பெரிதென்றால் 90 கூட வைக்கலாம். கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: இந்தக் காற்றாடி அவசரமாக நிற்க வேண்டிய தேவை என்ன? தேவை ஒன்றும் இல்லையென்றால் நிறுத்தும் முறையையே ‘கோஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். ட்ரைவ் கையை விட்டுவிடும், காற்றாடி தன்பாட்டில் சுற்றி நிற்கும், பஸ்ஸுக்கு ஒன்றும் வராது. கொழுந்தைப் பரப்பிக் காற்று ஊதி வாட வைக்கும் வாட்டுத் தொட்டிகளில் நான் பார்த்த காற்றாடிகளில் பாதிக்கு இதுவே போதும்.

ஓவர்வோல்டேஜ் கட்டுப்பாடு என்றும் ஒரு வசதி இருக்கிறது. பஸ் ஏறினால் ட்ரைவ் தானாகவே வேகக் குறைப்பைத் தாமதப்படுத்தும். காற்றாடிக்கு அதைப் போட்டு வையுங்கள். பின்னால் வரும் சக்தியைச் சூடாக்கிக் கழிக்கும் பிரேக் ரெசிஸ்டர் பூட்டியிருந்தால் மட்டும் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ரெசிஸ்டர் வேலை செய்ய வேண்டிய நேரத்தில் இது குறுக்கே நிற்கும்.

தொட்டிக் காற்றாடி ஸ்டார்ட் பண்ணும்போதே ஓவர்வோல்டேஜ் காட்டுது. நிற்கிற காற்றாடியில் ஏது சக்தி?

நிற்கிறதா என்று போய்ப் பார்த்தீர்களா? இது மலையகத்துக்கே உரிய வியாதி என்று சொல்வேன். அப்புத்தளைப் பக்கம் ஒரு பெக்டரி, ஆகஸ்ட் மாதம், கச்சான் காற்று வாட்டு மாடியின் ஜன்னல்களைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் தொட்டி மட்டும் தினமும் ஸ்டார்ட்டில் ட்ரிப். ட்ரைவை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், மோட்டரை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். நான் பெனலைத் திறக்காமல் மேலே ஏறிப் போனேன். கரன்ட் இல்லாத காற்றாடி, காற்றடிக்கிற பக்கத்து மூலையில், பின்பக்கமாக நல்ல வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. காற்றாடியின் இலைகளை எண்ண முடியவில்லை. பக்கத்துத் தொட்டிகளில் கொழுந்து நிறைய இருந்ததால் அவற்றின் காற்றாடிகள் அசையவில்லை. இது வெறுந்தொட்டி, காற்று தடையில்லாமல் உள்ளே வந்தது.

பின்பக்கமாகச் சுற்றுகிற காற்றாடியை ட்ரைவ் முன்பக்கம் ஓட்டப் பார்த்தால் முதலில் அதை நிறுத்தியாக வேண்டும். நிறுத்துவது என்றால் பிரேக் போடுவது, பிரேக் போட்டால் சக்தி பஸ்ஸில் ஏறும். வழி இரண்டு. சுற்றுகிற மோட்டரைத் தேடிப் பிடித்துத் தொடங்கும் வசதியைப் போடுங்கள். ஃப்ளையிங் ஸ்டார்ட், ஸ்பீட் சர்ச் என்று ட்ரைவுக்கு ஒரு பெயர் இருக்கும். இரண்டு திசையிலும் தேடும்படி வைக்க வேண்டும். அல்லது ஸ்டார்ட்டுக்கு முன் சில செக்கன் டிசி கொடுத்து மோட்டரைப் பிடித்து நிறுத்தச் சொல்லலாம். அந்தச் சக்தி மோட்டரிலேயே சூடாகிப் போய்விடும். நாங்கள் இரண்டாவதைப் போட்டோம். டீமேக்கர் ஐயா ஜன்னலுக்கு ஒரு தகரமும் அடித்துவிட்டார். உண்மையைச் சொன்னால் அந்தத் தகரம்தான் மலிவான தீர்வு.

காற்றின் திசையை மாற்றுகிற தொட்டிகளிலும் இதே கதைதான். முன்பக்கம் ஓடும் காற்றாடி நிற்பதற்குள் யாராவது ஸ்விட்ச்சைப் பின்பக்கம் போட்டுவிடுகிறார்கள். நடுவில் ஒரு நிமிடம் டைமர் வைத்துவிடுங்கள்.

பகலில் நன்றாக ஓடுது. ராத்திரியில் மட்டும் ட்ரிப். பேய் பிடித்த மாதிரி.

பேய் இல்லை, ட்ரான்ஸ்போமர். சாயங்காலம் ஆறரையிலிருந்து பத்தரை வரை எல்லா வீட்டிலும் கரன்ட் இழுக்கும், லைன் வோல்டேஜ் தணியும். அதைச் சமாளிக்க ட்ரான்ஸ்போமர் டேப்பை, அதாவது வெளிவரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பை, உயர்த்தி வைத்திருந்தால், ஊர் தூங்கிய பிறகு அதே டேப்பில் வோல்டேஜ் எகிறிவிடும். 400 இருக்க வேண்டியது 430 ஆனால் பஸ் சும்மா நிற்கும்போதே 608. மேலே கணக்குப் போட்ட மாதிரி இது தனியாக ட்ரிப் ஆக்காது. ஆனால் பகலில் 565 இலிருந்து ஏறத் தொடங்கிய பஸ், ராத்திரியில் 600ஐத் தாண்டித் தொடங்குகிறது. பகலில் தப்பித்த அதே 8 செக்கன் நிறுத்தம் ராத்திரியில் மாட்டிக்கொள்ளும்.

நம் நாட்டில் 400 வோல்டுக்கு மேலும் கீழும் 6 சதவீதம் அனுமதி, அதாவது 424 வரை சரி. மூன்று நாள் ராத்திரி ஒரு மணி, மூன்று மணிக்கு மூன்று பேஸையும் அளந்து எழுதி வையுங்கள். 424ஐத் தாண்டினால் அந்தத் தாளோடு போய்ப் பேசலாம். வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ட்ரான்ஸ்போமர் பெக்டரியின் சொந்தமாக இருந்தாலும் டேப்பை நீங்களே திருப்பப் போகாதீர்கள். பெரும்பாலானவை கரன்டை முழுவதாகத் துண்டித்த பிறகே மாற்றக்கூடியவை. அதற்கென்று பயிற்சி உள்ளவர்களிடம் விடுங்கள்.

கூரையில் சோலார் வந்த பிறகு இதற்கு ஒரு தம்பியும் பிறந்திருக்கிறான்: வெயில் அடிக்கிற, வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோலார் கரன்டை இழுக்க ஆளில்லாமல் வோல்டேஜ் ஏறும். அன்றைக்கும் அளந்து பாருங்கள்.

எந்த ஒழுங்கும் இல்லாமல், ஒரே வேகத்தில் ஓடும்போது திடீரென்று நிற்கிறது. எங்கே தேடுவது?

இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்திருக்கிறேன். லிந்துலைப் பக்கம் ஒரு பெக்டரியில் இரண்டு ட்ரைவ்கள், ஒரு நாளைக்கு மூன்று நாலு தரம், நேரம் காலம் இல்லாமல். மீட்டரில் சப்ளை 405, 408. எல்லாம் சுத்தம். கடைசியில் பெனல் அறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஒரு கப் சாயத்தோடு உட்கார்ந்துவிட்டேன். ஒன்றேகால் மணி நேரம் கழித்துப் பக்கத்துப் பெட்டியில் ‘டக்’ என்று ஒரு கொன்டாக்டர் (கரன்டால் இயங்கும் பெரிய ஸ்விட்ச்) விழுந்தது. அதே நொடியில் ட்ரைவ் இரண்டும் சிவப்பு. அந்தப் பெட்டி பவர் ஃபெக்டர் கப்பாசிட்டர் பேங்க், பெக்டரியின் பவர் ஃபெக்டரைச் சரிசெய்யத் தேவைக்கேற்ப லைனில் சேரும் கப்பாசிட்டர்கள்.

வெறும் கப்பாசிட்டரை லைனில் சேர்க்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் துள்ளும். சாதாரண மீட்டர் அதைக் காட்டாது, ஆனால் ட்ரைவின் பஸ் அந்த உச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். கப்பாசிட்டருக்கென்று செய்த கொன்டாக்டரில் முதலில் ஒரு ரெசிஸ்டன்ஸ் வயர் வழியாகச் சேர்த்து, பிறகு முழுவதாகச் சேர்க்கும் அமைப்பு இருக்கும். அங்கே அந்தச் சுருள் வயர்கள் எரிந்து அறுந்து தொங்கிக்கொண்டிருந்தன. கொன்டாக்டரை மாற்றினோம், ட்ரைவ்களின் உள்வரும் பக்கத்தில் 3 சதவீத லைன் சோக் (கரன்டின் துள்ளலைத் தணிக்கும் சுருள்) பூட்டினோம். அதோடு ஓய்ந்தது. சோக் இல்லாத ட்ரைவுக்கு ஒரு சோக் வாங்கிப் போடுவது வீண் செலவல்ல.

ஒன்று சொல்ல மறந்துவிடுவேன்: கப்பாசிட்டரை ட்ரைவுக்கும் மோட்டருக்கும் நடுவில் போடவே கூடாது. பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றி ட்ரைவ் பூட்டும்போது மோட்டர் பெட்டியில் பழைய கப்பாசிட்டர் அப்படியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கப்பாசிட்டர் பேங்கே இல்லை. அப்போது?

பாரத்தைப் பாருங்கள். சல்லடை மெஷின் முன்னும் பின்னும் ஆடும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை மோட்டரை இழுக்கும், ஒரு முறை தள்ளும். தள்ளுகிற நேரத்தில் பஸ் ஏறும். ட்ரைவின் திரையில் பஸ் வோல்டேஜை வைத்துப் பார்த்தால் எண் மூச்சு விடுவது போல் ஏறி இறங்கும். பாரத்தை இறக்கத்தில் கொண்டுபோகிற கம்பிப் பாதை, ஒரே பெல்டை இரண்டு ட்ரைவ் ஓட்டும் இடத்தில் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு போவது, இவையும் இதே வகை. இன்னொன்று, ஈரப்பதத்தைப் பார்த்துத் தானாக வேகம் மாற்றும் தொட்டிகள். கட்டுப்பாட்டு அளவுகள் கூர்மையாக இருந்தால் வேகம் ஏறி இறங்கி அலைபாயும், ஒவ்வோர் இறக்கமும் ஒரு சின்னப் பிரேக். கொழுந்து வாடப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் இடத்தில் காற்றாடி செக்கனுக்குச் செக்கன் வேகம் மாற்றுவதில் என்ன பயன்?

ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் வருகிறது.

பெரிய லோட் ஒன்று சட்டென்று விழும்போது ஜெனரேட்டரின் வோல்டேஜ் ஒரு வீச்சு மேலே போகும், அதன் ரெகுலேட்டர் பிடித்து இறக்கும்வரை. ட்ரையரை நிறுத்துகிற நேரத்தில் மற்ற ட்ரைவ்கள் ட்ரிப் ஆனால் அதுதான். ரெகுலேட்டரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், லோடை ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஆற்றுத் தண்ணீரில் சொந்தமாகச் சின்ன டர்பைன் ஓட்டும் தோட்டங்களுக்கும் இதே பதில், இன்னும் கூடுதலாக. லோட் போனால் டர்பைன் வேகம் பிடிக்கும், மிச்சக் கரன்டைத் தண்ணீரில் சூடாக்கிக் கழிக்கும் ஹீட்டர்களில் ஒன்று எரிந்திருந்தால் வோல்டேஜ் கையை மீறிவிடும்.

பிரேக் ரெசிஸ்டர் பூட்டியும் ட்ரிப் ஆகுதே?

ரெசிஸ்டர் உண்மையிலேயே வேலை செய்கிறதா? நிறுத்திப் பார்த்துவிட்டுக் கிட்டப் போய்க் கையை அருகில் காட்டுங்கள், தொடாமல். சூடே இல்லையென்றால் சக்தி அங்கே போகவில்லை. கரன்டை நிறுத்தி, பஸ் இறங்கியதை மீட்டரால் உறுதி செய்த பிறகு ஒரு வயரைக் கழற்றி ஓம் அளவு பாருங்கள். தகட்டில் 40 என்று இருந்து மீட்டர் எல்லையற்றது காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது. ஓம் சரியென்றால் ட்ரைவில் பிரேக் வசதி ‘ஆன்’ ஆக இருக்கிறதா, நான் மேலே சொன்ன ஓவர்வோல்டேஜ் கட்டுப்பாடு அணைத்திருக்கிறதா என்று பாருங்கள். பெரிய ட்ரைவ்கள் பலவற்றில், சக்தியை ரெசிஸ்டருக்குத் திருப்பிவிடும் பிரேக் ட்ரான்சிஸ்டரே உள்ளே இருக்காது, தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும். ரெசிஸ்டரை மட்டும் பூட்டிவிட்டு ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தவர்களும் உண்டு.

புத்தகத்தில் சொன்ன குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகாதீர்கள். பிரேக் பலமாக இருக்கும், ஒரு தரம் மட்டும்.

மோட்டர் ஓடவேயில்லை, ஆனாலும் ஓவர்வோல்டேஜ்.

ட்ரைவ் காட்டும் பஸ் எண்ணையும், பஸ் முனைகளில் மீட்டர் காட்டும் எண்ணையும் ஒப்பிடுங்கள். மீட்டர் 1000 வோல்ட் டிசி தாங்குவதாக இருக்க வேண்டும், கையுறை வேண்டும், தனியாகச் செய்யக் கூடாது. மீட்டர் 560 என்கிறது, ட்ரைவ் 830 என்கிறது என்றால் அளக்கிற சர்க்கிட் பொய் சொல்கிறது. நுவரெலியாப் பக்கம் மூடுபனி உள்ளே வருகிற பெனலில், தேயிலைத் தூசியும் நாரும் போர்டில் படிந்து ஈரம் குடித்தால் இப்படி வரும். சில நேரம் காய்ந்த தூரிகையால் துடைத்து, பெனலுக்குள் ஒரு சின்ன ஹீட்டர் போட்டதோடு சரியாகும். சரியாகாவிட்டால் இந்த ஒரு இடத்தில் உங்கள் பயம் நியாயம்: ட்ரைவ்தான் போயிருக்கிறது.

பெனலைத் திறக்கும் முன் ஒரு விஷயம். மெயினை நிறுத்தியதும் பஸ் காலியாகாது. ட்ரைவில் எழுதியிருக்கும் நிமிடங்கள், 5 ஆனாலும் 15 ஆனாலும், முழுவதாகக் காத்திருந்து அளந்த பிறகே கை வையுங்கள்.

மோட்டரில் எர்த் கசிவு இருந்தாலும் ஓவர்வோல்டேஜ் வருமா?

வரலாம், சில ட்ரைவ்களில் அப்படித்தான் முதலில் காட்டும். மழைக்காலத்தில் பல நாள் நின்ற மோட்டரென்றால் மெகர் (அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போட்டுப் பாருங்கள். ஆனால் மோட்டர் வயர் மூன்றையும் ட்ரைவிலிருந்து கழற்றிவிட்டு. கழற்றாமல் மெகரைச் சுற்றி நல்ல ட்ரைவைக் கொன்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் நானும் ஒரு விரலை உயர்த்த வேண்டும்.

மோட்டர் எழுபது மீட்டர் தள்ளி இருக்கிறது. நீண்ட கேபிளால் இந்த ட்ரிப் வருமா?

வராது. நீண்ட கேபிளில் ட்ரைவின் துடிப்பு மோட்டர் முனையில் மோதித் திரும்பி, பஸ்ஸின் இரண்டு மடங்கு வரை உச்சம் காட்டும். அது மோட்டரின் சுருளைத்தான் கெடுக்கும், ட்ரைவுக்குத் தெரியவே தெரியாது. அதற்கு வெளிவரும் பக்கத்தில் சோக் அல்லது ஃபில்டர்.

மின்னல்?

மார்ச், ஏப்ரலிலும், அப்புறம் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி கட்டும். மெயின் போர்டில் சர்ஜ் அரெஸ்டர் (மின்னலின் உச்சத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) வேண்டும், அதன் எர்த் வயர் நீளம் குறைவாக இருக்க வேண்டும். நம் மலையில் ஒரு அடிக்குக் கீழே பாறை. ஒரு எர்த் கம்பியை அடித்துவிட்டு முடிந்தது என்று எண்ணாமல் அளந்து பாருங்கள். நாலைந்து கம்பிகளைத் தூரத் தூர அடித்து இணைக்க வேண்டிய இடங்கள் நிறைய. அரெஸ்டரின் ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பானால் அது தன் வேலையை முடித்துவிட்டது, மாற்றுங்கள்.

தானாக ரீசெட் ஆகி ஓடும்படி வைத்துவிடலாமா? ராத்திரியில் எழும்ப வேண்டாமே.

வாட்டுத் தொட்டிக் காற்றாடிக்கு, கூண்டு சரியாகப் பூட்டியிருந்தால், ஒன்றிரண்டு தரம் என்று வரம்பு வைத்துப் போடலாம். ரோலருக்கும் கன்வேயருக்கும் கேட்காதீர்கள். மெஷின் நின்றதும் ஒருவர் குனிந்து உள்ளே சிக்கிய கொழுந்தை வாரத்தான் போவார். முப்பது செக்கனில் அது தானாக எழும்பும் என்று அவருக்கு யார் சொல்வது?

உங்களுக்குப் போன் பண்ணும் முன் என்ன குறித்து வைக்க வேண்டும்?

ட்ரைவின் மொடல், ஃபோல்ட் பதிவின் படம், நின்ற நேரம், நிறுத்தும் நேரம் எத்தனை செக்கன் என்று இருக்கிறது, மூன்று பேஸின் அளவு. அந்த நிமிடத்தில் பெக்டரியில் வேறு எது ஓடத் தொடங்கியது, எது நின்றது என்பதை ட்ரைவிடம் அல்ல, பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவரிடம் கேளுங்கள்.